காற்று வாங்கிய கடனைத் திருப்பித் தருமா?

இரு நண்பர்கள் ஒரு மோட்டார் சைக்கிளில் மேற்கு நோக்கி 100 கிலோமீட்டர் போகிறார்கள். காற்று மேற்கிலிருந்து எதிரே வீசுகிறது. வேலை முடிந்ததும் அதே சாலையில் 100 கிலோமீட்டர் திரும்பி வருகிறார்கள். இப்போது காற்று முதுகில் அடிக்கிறது. போகும்போதும் வரும்போதும் வண்டியின் வேகம் ஒன்றே. காற்றின் வேகமும் மாறவில்லை. காற்றே வீசாத நாளில் இந்தப் பயணத்துக்கு ஆகும் பெட்ரோலைவிட இன்று கூடுதலாக ஆகுமா, குறைவாக ஆகுமா, அல்லது அதே அளவுதானா?

இக்கேள்வியைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல், "அதே அளவுதான்" என்பார்கள். போகும்போது காற்று எவ்வளவு தடுத்ததோ, வரும்போது அவ்வளவு உதவிவிடும், கணக்கு நேராகிவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் விடை தவறு.

ஊருக்குள் வண்டி ஓட்டுபவருக்கு இத்தவற்றால் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அடுத்த பெட்ரோல் பங்க் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஆளற்ற வெளியில், இவ்விடையை நம்பிப் புறப்படுபவர் நடுவழியில் நிற்க நேரிடும். பக்கவாட்டில் வீசும் காற்றைத் தவறாக எடைபோட்டாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே இந்தக் கணக்கை, உலகில் காற்று மிகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்றான படகோனியாவில் வைத்துப் போட்டுப் பார்ப்போம். நமக்கு வேண்டியவை பள்ளியில் படித்த திசைவேகங்களின் கூட்டல், நெம்புகோல் தத்துவம், கொஞ்சம் பெருக்கல் ஆகியவையே.

இரு நண்பர்கள், ஒரு வண்டி

தென்னமெரிக்கக் கண்டத்தின் தென்கோடியில், அர்ஜென்டினா, சிலி ஆகிய இரு நாடுகளிலும் பரந்து கிடக்கும் நிலம் படகோனியா. அதன் வடபகுதியினூடே 1952ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு அர்ஜென்டினா இளைஞர்கள் ஒரே மோட்டார் சைக்கிளில் சென்றார்கள். ஒருவர் 29 வயதான உயிர்வேதியியலாளர் ஆல்பெர்ட்டோ கிரானாடோ. மற்றவர் 23 வயதான மருத்துவ மாணவர் எர்னெஸ்ட்டோ குவேரா. பின்னாளில் சே குவேரா என்று உலகம் அறிந்தவர் இவரே. அவர்கள் ஏறிச் சென்றது 1939ஆம் ஆண்டைய 500 சி.சி. நார்ட்டன் வண்டி. "வலிமை மிக்கவள்" என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

அட்லாண்டிக் கடற்கரையில் உள்ள பாஹியா பிளாங்கா நகரிலிருந்து ஆண்டீஸ் மலையடிவாரத்தில் உள்ள பரிலோச்சே வரை ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் அவர்கள் மேற்கு நோக்கிச் சென்றார்கள். அப்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசும். காற்று வழக்கமாக வரும் திசையை நோக்கியே அவர்கள் வண்டியைச் செலுத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். சாலை பெரும்பாலும் மண்ணும் சரளையும். வண்டியிலோ இரு ஆட்களும் பெரும் சுமையும். வழியில் அவர்கள் பலமுறை கீழே விழுந்தார்கள். மலையைக் கடந்து சிலி நாட்டுக்குள் சென்றபின் வண்டி முற்றிலும் பழுதாகி நின்றுவிட்டது. பிறகு கிடைத்த வண்டிகளிலும் படகுகளிலும் ஏறி, அதே ஆண்டு ஜூலையில் வெனிசுலாவை அடைந்தார்கள்.

இன்று அர்ஜென்டினாவின் 40ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆண்டீஸ் மலைத்தொடரையொட்டி வடக்கு தெற்காக 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதன் பெரும்பகுதி இப்போது தார்ச்சாலை. மோட்டார் சைக்கிள் பயணிகள் பல நாடுகளிலிருந்தும் அங்கு வருகிறார்கள். சாலை மாறிவிட்டது, வண்டிகளும் மாறிவிட்டன. காற்று மட்டும் மாறவில்லை.

அங்கு ஏன் அவ்வளவு காற்று?

தென் துருவத்தைச் சுற்றியுள்ள அண்டார்க்டிகா பனிக்கட்டியால் மூடப்பட்ட கண்டம். அதற்கு வடக்கே, 30 பாகை தெற்கு அட்சரேகையை அடுத்த பகுதி வெப்பமானது. இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள வெப்பநிலை வேறுபாடு காற்றழுத்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. அழுத்தம் மிகுந்த வடபகுதியிலிருந்து காற்று துருவத்தை நோக்கி நகர்கிறது. பூமி சுழல்வதால் தென் அரைக்கோளத்தில் நகரும் காற்று தன் இடப்புறமாகத் திரும்பும். தெற்கு நோக்கிச் செல்லும் காற்று இடப்புறம் திரும்பினால் அது கிழக்கு நோக்கி ஓடும். நமக்கு அது மேற்கிலிருந்து வரும் காற்று. எனவே அதற்கு மேலைக்காற்று என்று பெயர்.

வட அரைக்கோளத்திலும் மேலைக்காற்று உண்டு. ஆனால் அங்கு கண்டங்களும் மலைகளும் காடுகளும் குறுக்கே நின்று அதன் வேகத்தைக் குறைக்கின்றன. தெற்கே நிலைமை வேறு. உலக வரைபடத்தை எடுத்து, 40 பாகை தெற்கு அட்சரேகையில் விரலை வைத்து ஒரு சுற்று வாருங்கள். தென்னமெரிக்காவின் வால், டாஸ்மேனியா, நியூசிலாந்தின் ஒரு பகுதி, சில சிறு தீவுகள் ஆகியவற்றைத் தவிர அண்டார்க்டிகா வரை எங்கும் கடலே. தடையின்றி ஓடிவரும் இக்காற்றைப் பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் "உறுமும் நாற்பதுகள்" என்று அழைத்தார்கள்.

கடலைத் தாண்டி வரும் ஈரக்காற்று ஆண்டீஸ் மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வறண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வறண்ட காற்றாக வீசுவதும் இம்முறையில்தான். மழை குறைந்ததால் கிழக்குப் படகோனியாவில் மரங்கள் இல்லை. முழங்கால் உயரப் புதர்களும் புல்லும் மட்டுமே. காற்றைத் தடுக்க அங்கு எதுவுமில்லை. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசுவது அங்கு அபூர்வம் அன்று. பயணத்துக்கு ஏற்ற கோடைக் காலத்தில்தான் காற்றும் வலுவாக இருக்கும்.

வண்டி உணரும் காற்று

காற்றே வீசாத நாளில் சைக்கிளில் போனாலும் முகத்தில் காற்று படுகிறது. நாம் காற்றுக்குள் நகர்கிறோம் என்பதே இதற்குக் காரணம். வண்டியின் மீது காற்று செலுத்தும் விசையைத் தீர்மானிப்பது, காற்றைப் பொறுத்து வண்டிக்கு உள்ள சார்புத் திசைவேகமே ஆகும். சாலையில் வண்டியின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் (மணிக்கு 72 கிலோமீட்டர்) என்றும், எதிர்காற்றின் வேகம் வினாடிக்கு 10 மீட்டர் என்றும் கொண்டால், சார்புத் திசைவேகம் 20 + 10 = 30. காற்று பின்னாலிருந்து வீசினால் 20 − 10 = 10.

இதுவரை மாணவர்கள் சொன்ன விடைக்கு இடம் இருக்கிறது. ஒருபுறம் பத்துக் கூடுகிறது, மறுபுறம் பத்துக் குறைகிறது. ஆனால் காற்றுத் தடை இந்த வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. ஏன் என்று எளிதில் விளக்கலாம். சார்பு வேகம் இருமடங்கானால், ஒரு வினாடியில் வண்டி எதிர்கொள்ளும் காற்றின் நிறை இருமடங்காகிறது. அக்காற்று ஒவ்வொன்றும் மோதும் வேகமும் இருமடங்காகிறது. இரண்டும் சேர்ந்து தடை நான்கு மடங்காகிறது.

இதற்கான சூத்திரம்:

காற்றுத் தடை = ½ × காற்றின் அடர்த்தி × பரப்பெண் × (சார்பு வேகம்)²

காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். பரப்பெண் என்று நாம் குறிப்பிடுவது, வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகப்புப் பரப்பையும் அவற்றின் வடிவத்தையும் கணக்கில் கொண்ட ஓர் எண். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்கு இதை 0.6 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ½ × 1.2 × 0.6 = 0.36. எனவே சார்பு வேகத்தின் வர்க்கத்தை 0.36 ஆல் பெருக்கினால் காற்றுத் தடை நியூட்டன் அலகில் கிடைக்கும்.

வண்டியின் வேகம் வினாடிக்கு 20 மீட்டர் என்ற அளவில் மூன்று நிலைகளையும் கணக்கிடுவோம்.

காற்று இல்லை: 0.36 × 20 × 20 = 144 நியூட்டன்
எதிர்காற்று: 0.36 × 30 × 30 = 324 நியூட்டன்
பின்காற்று: 0.36 × 10 × 10 = 36 நியூட்டன்

எதிர்காற்று 180 நியூட்டனைக் கூட்டியது. பின்காற்று 108 நியூட்டனை மட்டுமே குறைத்தது. காற்று வாங்கிய கடனில் முக்கால் பங்குகூடத் திரும்பி வரவில்லை.

வேலை என்பது விசையையும் தொலைவையும் பெருக்கி வருவது. காற்றில்லாத நாளில் போகவர 200 கிலோமீட்டருக்கு, அதாவது 2,00,000 மீட்டருக்கு, காற்றுத் தடையை எதிர்த்துச் செய்யும் வேலை 144 × 2,00,000 = 288 இலட்சம் ஜூல். காற்று வீசும் நாளில் போகும்போது 324 இலட்சம் ஜூல், வரும்போது 36 இலட்சம் ஜூல், ஆக மொத்தம் 360 இலட்சம் ஜூல். கூடுதல் சரியாகக் கால் பங்கு.

இதை இயற்கணித முறையிலும் காட்டலாம். வண்டியின் வேகம் வ, காற்றின் வேகம் க என்க.

(வ + க)² + (வ − க)² = 2வ² + 2க²

இடையில் வரும் 2வக என்ற உறுப்பு ஒருமுறை கூட்டலாகவும் ஒருமுறை கழித்தலாகவும் வந்து மறைந்துவிடுகிறது. மாணவர்கள் நினைத்த "நேராகிவிடும்" பகுதி இதுதான். ஆனால் க² இருமுறையும் கூட்டலாகவே நிற்கிறது. க எவ்வளவாக இருந்தாலும் அதன் வர்க்கம் எதிர்மறை ஆகாது. ஆகையால் வண்டியைவிட மெதுவாக வீசும் எந்தக் காற்றிலும், அதே வேகத்தில் போய்த் திரும்பும் பயணத்துக்குப் பெட்ரோல் கூடுதலாகவே ஆகும்.

பெட்ரோல் போதுமா?

இப்போது நம் கற்பனை நண்பர்கள் இருவரைப் படகோனியாவில் மேற்கு நோக்கி அனுப்புவோம். வண்டி 200 கிலோகிராம், இருவரும் 140, சுமை 60, ஆக 400 கிலோகிராம். எடை ஏறத்தாழ 4,000 நியூட்டன். சக்கரங்கள் உருளுவதில் உள்ள தடையை எடையில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 80 நியூட்டன் எனக் கொள்வோம். இத்தடை காற்றைப் பொறுத்ததன்று.

டாங்கியில் 14 லிட்டர் பெட்ரோல். காற்றில்லாத நாளில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் ஓடும் வண்டி. 350 கிலோமீட்டர் போகலாம். அடுத்த பெட்ரோல் பங்க் 250 கிலோமீட்டரில் இருக்கிறது. நூறு கிலோமீட்டர் மிச்சம் என்ற நிம்மதியில் புறப்படுகிறார்கள். சற்று நேரத்தில் வினாடிக்கு 10 மீட்டர் எதிர்காற்று எழுகிறது.

காற்றில்லாதபோது மொத்தத் தடை 144 + 80 = 224 நியூட்டன். எதிர்காற்றில் 324 + 80 = 404 நியூட்டன். எஞ்சினின் பயனுறுதிறன் மாறவில்லை என்று கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் பெட்ரோல் இவ்விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்படியானால் டாங்கி போதுமான தொலைவு 350 × 224 ÷ 404 = 194 கிலோமீட்டர். பங்குக்கு 56 கிலோமீட்டர் முன்னதாகவே வண்டி நின்றுவிடும்.

இத்தகைய நிலையில் பலருக்கும் தோன்றுவது, "பெட்ரோல் தீர்வதற்குள் விரைவாகப் போய்ச் சேர்ந்துவிடுவோம்" என்பதே. இது நேர்மாறான யோசனை. வேகத்தைக் கூட்டினால் தடை வர்க்கமாகப் பெருகும். வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்?

மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓட்டினால் சார்பு வேகம் 25. காற்றுத் தடை 0.36 × 625 = 225. உருள் தடையையும் சேர்த்து 305 நியூட்டன். போகக்கூடிய தொலைவு 350 × 224 ÷ 305 = 257 கிலோமீட்டர். பங்குக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்! இதற்காக அவர்கள் கொடுக்கும் விலை 70 நிமிடம் மட்டுமே. ஆனால் எஞ்சுவது ஏழே கிலோமீட்டருக்கான பெட்ரோல். காற்று இன்னும் சற்று வலுத்தால் போதாது. ஆகவே அறிவுள்ள பயணி புறப்படும்போதே தனியாக ஒரு கேனில் ஐந்து லிட்டர் எடுத்துச் செல்வார்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் சார்பு வேகம் மீண்டும் 20 ஆகிவிடும். மொத்தத் தடை 224 நியூட்டன். பழைய 350 கிலோமீட்டரும் கிடைத்துவிடும். நடைமுறையில் மிக மெதுவாக ஓட்டும்போது எஞ்சினின் பயனுறுதிறன் குறைவதால் இவ்வளவு ஆதாயம் இராது. ஆயினும் எதிர்காற்றில் வேகத்தைக் குறைப்பவரே தொலைவு போவார் என்ற முடிவு மாறாது.

பக்கவாட்டில் வீசும் காற்று

40ஆம் எண் நெடுஞ்சாலை வடக்கு தெற்காகச் செல்கிறது. காற்று மேற்கிலிருந்து வருகிறது. எனவே அச்சாலையில் பயணிக்கு வாய்ப்பது பெரும்பாலும் பக்கக் காற்று. "நேர் பக்கத்திலிருந்து வீசும் காற்று முன்னே போவதைத் தடுக்காதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கும் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது.

வண்டி தெற்கு நோக்கி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மேற்குக் காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. ஓட்டத்தால் நேர் எதிரே 20, காற்றால் பக்கவாட்டில் 20. இணைகர விதிப்படி இவற்றின் தொகுபயன் இரண்டுக்கும் நடுவே 45 பாகை சாய்வில் அமையும். அதன் அளவு √(400 + 400) = 28.3. ஓட்டுபவர் உணரும் காற்று முன்னாலும் வலப்புறத்திலிருந்தும் சேர்ந்தாற்போல் வருகிறது.

இச்சாய்ந்த காற்று தரும் விசை 0.36 × 800 = 288 நியூட்டன். இதை இரு கூறுகளாகப் பிரித்தால் முன்புறமிருந்து பின்னோக்கித் தள்ளும் கூறு 204 நியூட்டன். காற்றில்லாத நாளில் இது 144 ஆக இருந்தது. நேர் பக்கத்திலிருந்து வீசும் காற்றும் முன்னோக்கிய ஓட்டத்துக்கு உள்ள தடையை நூற்றுக்கு 41 அளவு கூட்டிவிட்டது! தெற்கே போகும்போதும் இக்கூடுதல் உண்டு, வடக்கே திரும்பும்போதும் உண்டு. பக்கக் காற்று எந்தத் திசையிலும் கடனைத் திருப்பித் தருவதில்லை.

இனிப் பக்கவாட்டுக் கூறைப் பார்ப்போம். பக்கத்திலிருந்து பார்த்தால் வண்டி, ஆட்கள், சுமை ஆகியவற்றின் பரப்பு முன்புறப் பரப்பைவிடப் பெரியது. ஏறத்தாழ இருமடங்கு எனக் கொண்டால் பக்க விசை சுமார் 400 நியூட்டன். ஒரு 40 கிலோ மூட்டையைக் கயிற்றில் கட்டி விடாமல் பக்கவாட்டில் இழுப்பதற்கு இது சமம். இவ்விசை வண்டியைக் கவிழ்க்காமலிருக்க ஓட்டுநர் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்தே ஓட்ட வேண்டும். கவிழ்க்கும் திருப்புத்திறனை எடையின் திருப்புத்திறன் சமன் செய்யவேண்டும். காற்று விசை ஈர்ப்பு மையத்தின் உயரத்திலேயே செயல்படுவதாகக் கொண்டால், சாய்வுக் கோணத்தின் டேஞ்சென்ட் மதிப்பு 400 ÷ 4,000 = 0.1. கோணம் ஏறத்தாழ 6 பாகை. நேரான சாலையில், வளைவே இல்லாத இடத்தில், மணிக்கணக்கில் சாய்ந்தபடியே ஓட்டவேண்டியிருப்பது இதனால்தான்.

திடீரென்று காற்று நின்றால்?

சாய்ந்து ஓட்டுவதற்குப் பழகிவிடலாம். உண்மையான ஆபத்து காற்று மாறும் கணத்தில் இருக்கிறது. எதிரே ஒரு பெரிய லாரி வருகிறது. அது வண்டிக்கும் காற்றுக்கும் நடுவில் வந்தவுடன் 400 நியூட்டன் பக்க விசை சட்டென்று மறைந்துவிடுகிறது. வண்டியோ இன்னும் 6 பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த வண்டி என்ன செய்யும்? சாய்ந்த பக்கம் திரும்பும்.

6 பாகைச் சாய்வுக்குரிய பக்கவாட்டு முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கம் 10 ஐ 0.1 ஆல் பெருக்கி வருவது. அதாவது வினாடிக்கு வினாடி 1 மீட்டர். நகரும் தொலைவு ½ × முடுக்கம் × (காலம்)². ஒரு வினாடியில் அரை மீட்டர். இரண்டு வினாடியில் 2 மீட்டர். ஓட்டுநர் உணர்ந்து, வண்டியை நிமிர்த்துவதற்குள் ஒரு வினாடியாவது கழிந்துவிடும். சாலையின் நடுக்கோட்டை ஒட்டி ஓட்டுபவருக்கு அந்த அரை மீட்டரே எமனாகலாம்.

அர்ஜென்டினாவில் வாகனங்கள் சாலையின் வலப்புறம் செல்லும். ஆகவே எதிரே வரும் லாரி எப்போதும் நமக்கு இடப்புறமாகக் கடந்துபோகும். வடக்கு நோக்கிச் செல்பவருக்கு மேற்கு இடப்புறம். அவர் இடப்புறம் சாய்ந்து ஓட்டுகிறார். லாரி காற்றை மறைத்ததும் வண்டி அந்த லாரி இருக்கும் பக்கமே திரும்பப் பார்க்கும். தெற்கு நோக்கிச் செல்பவருக்கு மேற்கு வலப்புறம். எதிர் லாரி காற்றை மறைப்பதில்லை. ஆனால் காற்று திடீரென்று வலுத்தால் அவரை எதிர்த்தடத்துக்குத் தள்ளும். ஒரே சாலை, ஒரே காற்று. போகும்போது ஒருவகை ஆபத்து, வரும்போது வேறுவகை ஆபத்து.

இங்கும் மருந்து வேகத்தைக் குறைப்பதே. வண்டியின் வேகத்தை வினாடிக்கு 20 மீட்டரிலிருந்து 10 ஆகக் குறைத்தால், காற்றின் வேகம் மாறாவிட்டாலும் சார்பு வேகம் 28.3 இலிருந்து 22.4 ஆகக் குறைகிறது. பக்க விசையும் ஏறத்தாழ 400 இலிருந்து 320 நியூட்டனுக்கு இறங்குகிறது. லாரி வருவதைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டிலிருந்து விலகித் தன் தடத்தின் வலப்பகுதிக்குப் போய்விடுவது நல்லது.

பின்னால் இருக்கும் சுமை

இரு நண்பர்கள் ஒரே வண்டியில் போவதில் ஓர் ஆதாயம் உண்டு. பின்னால் அமர்ந்திருப்பவர் முன்னவரின் மறைவில் இருப்பதால் முன்புறக் காற்றுத் தடை அதிகம் கூடுவதில்லை. ஆனால் சுமையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல். இருக்கையில் இருவரும் அமர்ந்தபின் மூட்டைகளுக்கு எஞ்சும் இடம் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் நீட்டியிருக்கும் தாங்கி.

பின்சக்கர அச்சை நெம்புகோலின் ஆதாரப் புள்ளி என்க. அதற்கு 35 சென்டிமீட்டர் பின்னால் 40 கிலோகிராம் சுமை. முன்சக்கரம் அச்சிலிருந்து 140 சென்டிமீட்டர் முன்னால். 40 × 35 ÷ 140 = 10. முன்சக்கரத்தின் மீதுள்ள பாரத்தில் 10 கிலோகிராம் குறைந்துவிடும். வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். அது தரையை அழுத்தினால்தான் உராய்வு கிடைக்கும், உராய்வு இருந்தால்தான் திருப்ப முடியும். பின்தாங்கியில் ஏற்றிய சுமை முன்சக்கரத்தைத் தூக்கப் பார்த்ததையும், சற்றுக் கவனம் தவறினாலும் தாங்கள் விழ நேர்ந்ததையும் குவேரா தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மணலும் சரளையும் நிறைந்த சாலையில் அந்த நார்ட்டன் ஏன் அடிக்கடி விழுந்தது என்பதற்கு இந்த நெம்புகோல் கணக்கு ஒரு முக்கியக் காரணம் சொல்கிறது.

அதே மூட்டையை இரண்டாகப் பிரித்து, அச்சுக்கு முன்னால் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் முன்சக்கரம் பாரம் பெறும். உயரமாகக் கட்டிய மூட்டை பக்கக் காற்றுக்கு உயரத்தில் பிடி கொடுக்கும். தாழ்வாகக் கட்டினால் காற்றின் திருப்புத்திறனும் குறையும்.

ஆளுக்கொரு வண்டியில் போனால் இச்சிக்கல் இல்லை. ஒருவர் பின் ஒருவராகப் போய் முன்னவரின் மறைவில் பெட்ரோலை மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். ஆனால் அம்மறைவு கிடைக்க மிக நெருங்கி ஓட்டவேண்டும். பக்கக் காற்றில் மறைவு நேர் பின்னால் விழுவதுமில்லை, சாய்வாக விழும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு வினாடித் தொலைவு 40 மீட்டர். அந்த இடைவெளியாவது இருவருக்கும் நடுவே இருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. அங்கு காற்று பொதுவாக விடியற்காலையில் தணிந்தும் பிற்பகலில் வலுத்தும் இருக்கும். பகலில் தரை சூடேறுவதால் கீழ்க்காற்று மேலெழுகிறது. உயரத்தில் விரைந்தோடும் காற்று அதனோடு கலந்து தரைக்கு இறங்குகிறது. ஆகவே பொழுது புலரும்போதே புறப்பட்டு, நண்பகலுக்குள் பயணத்தை முடித்துக்கொள்வது நல்லது. காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைக்க நம்மால் ஆகாது. காற்று பாதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்க நம்மால் ஆகும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. வண்டியின் வேகம் வினாடிக்கு 15 மீட்டர், காற்றின் வேகம் வினாடிக்கு 5 மீட்டர். எதிர்காற்றில் போய், பின்காற்றில் அதே வழியே திரும்பினால், காற்றுத் தடையை எதிர்த்துச் செய்யும் வேலை காற்றில்லாத நாளைவிட எவ்வளவு கூடும்?

2. நம் நண்பர்கள் வினாடிக்கு 10 மீட்டர் எதிர்காற்றில், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் விரைந்தால் 14 லிட்டரில் எவ்வளவு தொலைவு போவார்கள்?

3. இந்தியாவில் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. மேற்கிலிருந்து காற்று வீசும்போது, எதிரே வரும் லாரி காற்றை மறைப்பதால் ஆபத்து நேர்வது வடக்கு நோக்கிச் செல்பவருக்கா, தெற்கு நோக்கிச் செல்பவருக்கா?

விடைகள்: 1. ஒன்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்குச் சுமார் 11. 2. ஏறத்தாழ 150 கிலோமீட்டர். 3. தெற்கு நோக்கிச் செல்பவருக்கு.